சிவகாசிக் காலண்டரும் கிறிஸ்துமஸ் விமான டிக்கெட்டும்

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வு முடிவதும் கிறிஸ்துமஸ் விடுமுறை தொடங்குவதும் ஏறக்குறைய ஒரே நாளில்தான். 2025-இல் டிசம்பர் 24 முதல் ஜனவரி 4 வரை விடுமுறை. சென்னை, பெங்களூரு, ஹைதராபாத், மும்பை என்று பிழைக்கப் போன விருதுநகர் மாவட்டத்துக் குடும்பங்கள், பிள்ளைகளின் கடைசிப் பரீட்சை முடிந்த கையோடு ஊருக்குக் கிளம்புகின்றன. ரயிலில் இடமில்லை, ஆம்னி பஸ் கட்டணம் ஏறிவிட்டது, 'சரி, விமானத்தில் போய்விடலாம்' என்று பார்த்தால் அங்கே விலை அதைவிட எகிறி நிற்கிறது. ஆண்டுதோறும் கேட்கும் புலம்பல் இது. குற்றம் முழுவதையும் விமான நிறுவனங்களின் தலையில் கட்டிவிடுவது எளிது. ஆனால் இந்த வட்டாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கூட்டிக் கழித்துப் பார்த்தால், செலவும் அலைச்சலும் வானத்தில் இருக்கும் ஒன்றேகால் மணி நேரத்தில் உண்டாவதில்லை என்பது தெரியும். பள்ளி நாள்காட்டி, நிலையத்துக்கும் வீட்டுக்கும் உள்ள தூரம், பெட்டியில் எதை வைக்கிறோம் என்பது ஆகிய மூன்றும் தரையிலேயே அவற்றை முடிவு செய்துவிடுகின்றன.

யார், எப்போது கிளம்புகிறார்கள்?

வட திருநெல்வேலி என்று மிஷனரிகள் அழைத்த பகுதியில்தான் இன்றைய சிவகாசி, சாத்தூர் வட்டாரங்கள் அடங்கியிருந்தன. டி.ஜி. ராக்லண்ட் என்ற ஆங்கிலேய மிஷனரி 1850-களில் இங்கே கூடாரம் அடித்து ஊர் ஊராகச் சுற்றினார். 1858-இல் சிவகாசியிலேயே இறந்தார். அந்தக் காலத்தில் வேர்விட்ட சபைகளில் கிறிஸ்துமஸ் ஒரு நாளோடு முடிவதில்லை. முந்திய வாரமே இரவில் வீடு வீடாகக் கேரல் பாடி வருவார்கள். இருபத்தைந்தாம் தேதி விடியற்காலை ஆராதனை, 31-ஆம் தேதி நள்ளிரவு ஆராதனை, சில ஊர்களில் சபையாகக் கூடிச் சமைத்து உண்ணும் அசனம் என்று புத்தாண்டு வரை அது நீளும். ஆகவே ஊருக்கு வருகிறவர்கள் இருபத்தைந்துக்கு முன்பே வந்தாக வேண்டும். ஒன்றாம் தேதிக்கு முன்னால் திரும்பவும் மனம் வராது.

கிறிஸ்தவர்கள் மட்டும் என்றில்லை. பிள்ளைகளுக்கு லீவு விடுவதால் எல்லா மதத்தவரும் இதே வாரத்தில்தான் ஊருக்கு வருகிறார்கள். கார்த்திகையில் மாலை போட்ட ஐயப்ப பக்தர்கள் சபரிமலை மண்டல பூஜையை ஒட்டிக் கிளம்புவதும் இதே நாட்களில். ஒரே வாரத்துக்குள் ஒரே திசையில் இத்தனை கூட்டம்.

இதற்குள் சிவகாசிக்கே உரிய இன்னொரு கணக்கும் உண்டு. பயர் ஆபீஸ் (பட்டாசு ஆலை) குடும்பத்துக்குத் தீபாவளி முடிந்ததும் கை ஓய்ந்துவிடும். சில வாரம் கம்பெனியே மூடியிருக்கும். அச்சக வேலையில் இருப்பவர்களுக்கு நேர் எதிர். ஆடிப்பெருக்கு அன்று காலண்டர் ஆல்பம் வெளியாகி ஆர்டர் பிடிக்கத் தொடங்கினால், அடித்து, தகரம் கட்டி, பார்சல் போட்டு அனுப்பி முடிக்க டிசம்பர் கடைசி ஆகிவிடும். ஊரே காலண்டர் அனுப்பிக்கொண்டிருக்கும் வாரத்தில் பிரஸ் வைத்திருப்பவர் குடும்பத்தோடு வெளியூர் போக முடியாது. பட்டாசுத் தொழிலில் இருப்பவர் நவம்பரிலேயே மகன் வீட்டுக்கு மலிவான டிக்கெட்டில் போய்வரலாம். ஆனால் அப்போது பேரப்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கும். தொழில் நாள்காட்டியும் பள்ளி நாள்காட்டியும் ஒத்துப்போகாத ஊர் இது.

பறப்பதில் நேரம் மிச்சமா?

விருதுநகர் மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. கைக்கெட்டுவது மதுரை. அதிலும் ஒரு விசித்திரம்: மதுரை விமான நிலையம் இருப்பது மதுரை மாவட்டத்தில், ஆனால் அந்தப் பகுதி அடங்கிய திருப்பரங்குன்றம் சட்டமன்றத் தொகுதி, விருதுநகர் நாடாளுமன்றத் தொகுதிக்குள் வருகிறது. சாலை வழியே விருதுநகருக்குச் சுமார் 45 கிலோமீட்டர், சிவகாசிக்குச் சுமார் 70.

சென்னையில் இருப்பவர் கணக்கைப் பார்ப்போம். வீட்டிலிருந்து மீனம்பாக்கம் போக ஒரு மணி நேரம். விடுமுறைக் கூட்டத்தில் இரண்டு மணி நேரம் முன்னதாக நிற்க வேண்டும். பறப்பது ஒன்றேகால் மணி. பெட்டி வந்து சேர அரை மணி. மதுரையிலிருந்து சிவகாசிக்கு ஒன்றரை மணிக்கு மேல். மொத்தம் ஆறேகால் மணியைத் தாண்டுகிறது. 2023 செப்டம்பரில் தொடங்கிய சென்னை – நெல்லை வந்தே பாரத், எழும்பூரிலிருந்து விருதுநகருக்கு ஏறக்குறைய ஆறரை மணி நேரத்தில் வருகிறது. வீட்டிலிருந்து எழும்பூருக்கும் விருதுநகரிலிருந்து வீட்டுக்கும் ஆகும் நேரத்தைச் சேர்த்தாலும் இரண்டு மணி நேரம் போலத்தான் வித்தியாசம். பொதிகை எக்ஸ்பிரஸில் இரவு ஏறிப் படுத்தால் காலையில் சிவகாசி. வேலை நாள் எதுவும் வீணாவதில்லை. சென்னைக் குடும்பத்துக்கு விமானம் பெரும்பாலும் அவசியமில்லை; ரயிலில் இடம் கிடைக்காததன் தண்டனை அது.

பெங்களூருக்குக் கணக்கு மாறும். இரவு ரயிலில் பத்து மணி நேரத்துக்கு மேல். ஹைதராபாத், மும்பை, டெல்லிக்கு விமானத்தை விட்டால் வழியில்லை என்றே சொல்லலாம். வளைகுடா, சிங்கப்பூர்க்காரர்களுக்குப் பேச்சே இல்லை.

குழந்தைக் கணக்கும் முக்கியம். ரயிலில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குத் தனிப் படுக்கை கேட்காவிட்டால் டிக்கெட் வேண்டாம். விமானத்தில் இரண்டு வயது நிறைந்தவுடனேயே தனி இருக்கை. உள்நாட்டு மலிவுக் கட்டண நிறுவனங்களில் பெரியவருக்கு உள்ள அதே விலை. அதற்குக் குறைந்த கைக்குழந்தைக்கு மடியில் இடம், தனிக் கட்டணம், கையில் வயதுச் சான்று. மூன்று வயதுப் பிள்ளையோடு நால்வராகப் போகும் குடும்பம் ரயிலுக்கு மூன்று டிக்கெட் எடுக்கிறது, விமானத்துக்கு நான்கு.

விலை ஏறும் விதம்

1994-இல் ஏர் கார்ப்பரேஷன் சட்டம் நீக்கப்பட்ட பிறகு இந்தியாவில் கட்டணத்தை நிறுவனங்களே தீர்மானிக்கின்றன. அரசு நேரடியாகத் தலையிட்டது அபூர்வம். கொரோனா காலத்தில் 2020 மே முதல் 2022 ஆகஸ்ட் வரை கட்டண வரம்பு இருந்தது. அடுத்தது 2025 டிசம்பரில். விமானிகளின் பணிநேர விதிகள் நவம்பர் 1 முதல் இறுகியபின் இண்டிகோ ஈடுகொடுக்க முடியாமல் ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தது. மற்ற நிறுவனங்களின் கட்டணம் தாறுமாறாக ஏற, டிசம்பர் 6-இல் மத்திய அரசு உச்சவரம்பு விதித்தது: 500 கிலோமீட்டர் வரை ரூ.7,500, 1,000 வரை ரூ.12,000, 1,500 வரை ரூ.15,000, அதற்கு மேல் ரூ.18,000, வரிகள் தனி. மதுரை – சென்னை முதல் அடுக்கில் வரும். அந்த உச்சவரம்பிலேயே பார்த்தாலும் நான்கு பேருக்கு ஒருவழிக்கு ரூ.30,000. நெருக்கடி நேரத்துக் கடிவாளமே இவ்வளவு என்றால், வரம்பு எதுவும் இல்லாத வழக்கமான கிறிஸ்துமஸ் வாரத்தில் விலை எங்கே நிற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

விலை எப்படி ஏறுகிறது? ஒரே விமானத்தின் இருக்கைகளைப் பல கட்டண அடுக்குகளாகப் பிரித்து விற்கிறார்கள். கீழ் அடுக்கு தீர்ந்தால் அடுத்தது. இங்கேதான் குடும்பங்கள் மாட்டிக்கொள்கின்றன. உதாரணமாக, ரூ.5,000 அடுக்கில் மூன்று இடம்தான் மிச்சம், அடுத்த அடுக்கு ரூ.6,500 என்று வைத்துக்கொள்வோம். நால்வருக்கு ஒன்றாகத் தேடினால் கணினி நால்வரையும் ரூ.6,500 அடுக்கில் போட்டு ரூ.26,000 காட்டும். மூன்று, ஒன்று என்று பிரித்துத் தேடினால் ரூ.21,500. ஆனால் பிரித்துப் பதிவதற்கும் விலை உண்டு. பன்னிரண்டு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு, ஒரே பிஎன்ஆரில் வரும் பெற்றோர் அல்லது பாதுகாவலர் ஒருவர் அருகில் இருக்கை தர வேண்டும் என்று 2024 ஏப்ரலில் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ உத்தரவிட்டது. தனி பிஎன்ஆரில் பிள்ளையைப் போட்டால் அந்த உரிமை போய்விடும். ஆகவே பிரிப்பதென்றால் எந்தப் பிள்ளையும் பெரியவர் இல்லாத பிஎன்ஆரில் வராதபடிதான் பிரிக்க வேண்டும்.

இன்னொன்று, கூட்டம் ஒரு திசையில்தான் போகிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாட்களில் மதுரைக்கு வரும் விமானம் நிறைந்து வந்தால், திரும்பிப் போகும் விமானத்தில் காலி இருக்கைகள் இருக்கும். புத்தாண்டு முடிந்ததும் இது தலைகீழாகும். ஊரில் இருக்கும் தாத்தா பாட்டி பேரப்பிள்ளைகளைப் பார்க்கச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போனால், அதே வாரத்தில் மலிவாகப் போய்வரலாம். 'பண்டிகைக்கு வீட்டைப் பூட்டிவிட்டுப் போவதா?' என்று பெரியவர்கள் தயங்குவார்கள், நியாயம்தான். ஆனால் சபை ஈடுபாடு இல்லாத, விடுமுறைக்காக மட்டும் கூடும் குடும்பங்கள் யோசிக்கலாம். சக்கர நாற்காலி தேவைப்படும் பெரியவர் என்றால் இரண்டு நாள் முன்னதாகவே நிறுவனத்திடம் சொல்லிவைப்பது நல்லது.

முன்பதிவு திறக்கும் நாளையும் பார்க்க வேண்டும். ரயிலில் 120 நாளாக இருந்த முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் 1 முதல் 60 நாளாகச் சுருங்கியது. டிசம்பர் 24-க்கான டிக்கெட் இப்போது அக்டோபர் 25-இல் திறக்கும். பல ஆண்டுகளில் அது தீபாவளியை ஒட்டிய நேரம். பட்டாசுக் கடைக்காரர் மூச்சுவிட முடியாத நேரம். விமான டிக்கெட்டோ பல மாதம் முன்பே விற்பனைக்கு வந்துவிடும். பள்ளித் தேதி உறுதியாகாமல் முன்கூட்டி எடுத்தால் மாற்றுக் கட்டணம். உறுதியாகும்வரை காத்திருந்தால் விலையேற்றம்.

பெட்டியில் ஏறாத ஊர்ச் சரக்கு

திரும்பும் பயணத்தில்தான் சிவகாசியின் தனிச் சிக்கல். இந்தியப் பட்டாசில் பெரும்பங்கு செய்யும் ஊருக்கு வந்துவிட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு பெட்டி கம்பி மத்தாப்புகூட வாங்காமல் போவதா என்று தோன்றும். கிறிஸ்துமஸ், புத்தாண்டு இரவுகளில் வெடிக்க 2018 அக்டோபர் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் 11.55 முதல் 12.30 வரை நேரம் ஒதுக்கியது. அந்த முப்பத்தைந்து நிமிடத்துக்காக வாங்கிய சரக்கில் மிச்சம் இருப்பது, நகரத்துக்குத் திரும்பும்போது துணிகளுக்கு நடுவே போய்விடுகிறது.

பட்டாசு எதுவும் பயணியின் எந்தப் பெட்டியிலும் ஏறாது. கைப்பையிலும் கூடாது, ஒப்படைக்கும் பெட்டியிலும் கூடாது. மத்தாப்பு, புஸ்வாணம், சாட்டை, பாம்பு மாத்திரை என்று ரகம் பார்ப்பதில்லை. 'மத்தாப்புதானே, வெடிக்காதே' என்பது இங்கே அடிக்கடி கேட்கும் வாதம். மத்தாப்புக் கம்பியில் பூசியிருப்பது நைட்ரேட் உப்பு, அலுமினியப் பவுடர், இரும்புத்தூள் கலந்த கலவை. எரியும்போது ஆயிரம் டிகிரியைத் தாண்டும். எரிவதற்கான ஆக்சிஜனைக் கலவையே தருவதால், காற்றை அடைத்து அணைக்கும் உத்தி அதனிடம் பலிக்காது. பறக்கும் விமானத்தின் அடிவயிற்றில் இருக்கும் சரக்கறைக்குள் போய் யாரும் தண்ணீர் ஊற்ற முடியாது. உராய்ந்தால் என்ன ஆகும் என்று சிவகாசிக்காரருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பயர் ஆபீஸில் இரும்புப் பொருளைக் கொண்டுபோகக் கூடாது என்ற கட்டுப்பாட்டில் வளர்ந்தவர்கள், பெட்டி கன்வேயரில் உருண்டு இடிபடுவதை நினைத்துப் பார்த்தாலே போதும்.

எக்ஸ்ரேயில் மத்தாப்புப் பெட்டி ஒளியாது. வரிசையாக அடுக்கிய உலோகக் கம்பிகள் திரையில் பளிச்சென்று தெரியும். பெட்டி ஓரங்கட்டப்படும், பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், பயணி முன்னிலையில் திறப்பார்கள். போர்டிங் நேரம் நெருங்க, ஒரு கையில் பிள்ளை, இன்னொரு கையில் போன் என்று நிற்கும் தாய், மேலே இருக்கும் புதுத்துணி, காலண்டர், சேவுப் பொட்டலம் எல்லாவற்றையும் எடுத்து வெளியே வைத்து அடியில் இருப்பதைக் காட்ட வேண்டும். சரக்கு போய்விடும், விசாரணை நீண்டால் விமானமும் போய்விடும்.

தீப்பெட்டிக்கும் இதே கதி. பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தாவுக்குப் போய்த் தொழில் கற்றுவந்து தொடங்கிவைத்த சரக்கு அது. சர்வதேச விதியில் ஒரு சிறு தீப்பெட்டியைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள இடமிருக்கிறது. ஒப்படைக்கும் பெட்டிக்கு அதுவும் கிடையாது. இந்திய நிலையங்களின் பாதுகாப்புச் சோதனையில் தீப்பெட்டி, லைட்டர் இரண்டையுமே எடுத்துவிடுவார்கள்.

'அப்படியானால் ரயிலில் கொண்டுபோவோம்' என்பவர்கள் 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 164-ஆம் பிரிவைப் பார்க்க வேண்டும்: மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

தொழிலோடு தொடர்புள்ளவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. பையையும் கையையும் துணித்துண்டால் துடைத்துக் கருவியில் வைத்துப் பார்க்கும் சோதனை, வெடிமருந்தின் நுண்துகளைத் தேடுகிறது. மருந்து அறைக்கோ குடோனுக்கோ கொண்டுபோன பை, வேலைச் சட்டை போன்றவற்றைப் பயணத்துக்கு எடுக்காமலிருப்பதே உத்தமம். ஒளிக்க எதுவும் இல்லாதவர்கூட விளக்கம் சொல்லியே விமானத்தைத் தவறவிடக்கூடும்.

போகக்கூடியவை நிறையவே உண்டு. சாத்தூர் சேவுக்குத் தடையில்லை. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் போகலாம். வெளிநாட்டு விமானமென்றால் கைப்பையில் வைக்காமல் பெட்டியில் வைப்பது நல்லது, ஏனெனில் குழைவான பண்டங்களுக்கு 100 மில்லி விதியைக் காட்டி நிறுத்தக்கூடும். கொப்பரை ஒப்படைக்கும் பெட்டியில் கூடாது. எண்ணெய்ச் சத்தால் தீப்பற்றும் என்பது காரணம். பவர் பேங்க் கைப்பையில் மட்டும். எடை வேறு: உள்நாட்டில் பெரும்பாலும் ஆளுக்கு 15 கிலோ பெட்டி, 7 கிலோ கைப்பை. சொந்தக்காரர்களுக்கென்று நாலைந்து தினசரி காலண்டரை அட்டையும் தகரமுமாக அடுக்கினால் எடை எங்கே போனதென்று தெரியாது.

டிசம்பர் வானம்

வடகிழக்குப் பருவமழை ஓய்வதும் விடுமுறை தொடங்குவதும் அடுத்தடுத்து வருகின்றன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் நாட்கணக்கில் மூடிக் கிடந்தது. 2016-இல் வர்தா புயல், 2023 டிசம்பர் 4-இல் மிக்ஜாம் புயல். அதே 2023-இல் கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருக்கையில் தென்மாவட்டங்களில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவானது. திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகளோடு நின்றுபோனது. மழை இல்லாத ஆண்டிலும் டெல்லிப் பனிமூட்டம் மதுரையைத் தொடும். காலையில் வடக்கே தாமதமான விமானம்தான் மாலையில் மதுரைக்கு வர வேண்டியது. நாள் முழுவதும் அந்தத் தாமதம் பெருகிக்கொண்டே வரும். அதனால் குழந்தைகளோடு போகிறவர்களுக்கு நாளின் முதல் விமானமே பாதுகாப்பு.

தாமதம், ரத்து என்றால் என்ன கிடைக்கும் என்பது டிஜிசிஏ விதியில் தெளிவாக இருக்கிறது. இரண்டரை மணிக்குட்பட்ட பயணத்தில் இரண்டு மணி நேரம் தாமதமானால் சாப்பாடு, சிற்றுண்டி. ஆறு மணி நேரத்தைத் தாண்டினால் மாற்று விமானம் அல்லது முழுப் பணம். உறுதியான டிக்கெட் இருந்தும் ஏற்றாமல் விட்டு, மாற்று விமானம் ஒரு மணி நேரத்துக்குள் கிடைக்காவிட்டால் ரூ.10,000 வரையும், ஒரு நாளைத் தாண்டினால் ரூ.20,000 வரையும் இழப்பீடு. முறையான முன்னறிவிப்பின்றி ரத்து செய்தால் பயண நேரத்தைப் பொறுத்து ரூ.5,000 முதல் ரூ.10,000 வரை. புயல், வெள்ளம் போன்ற இயற்கைக் காரணங்களுக்கு இழப்பீடு கிடையாது. சாப்பாடும் பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமையும் மட்டும் உண்டு. இவற்றை அறிந்து கேட்பவர்கள் குறைவு. கவுன்டரில் குழந்தை அழும்போது விதி எண் யாருக்கு நினைவிருக்கும்?

மாற்றக்கூடியது எது?

2012 செப்டம்பரில் மதுரையிலிருந்து கொழும்புக்கு முதல் வெளிநாட்டு விமானம் பறந்தது. அதன்பின் துபாய், சிங்கப்பூர், 2025 ஜூனில் அபுதாபி என்று இந்திய நிறுவனங்கள் பறக்கின்றன. ஆனால் அமீரகத்தின் நிறுவனங்கள் இறங்கக்கூடிய இந்திய நகரங்களின் பட்டியலில் மதுரை இல்லை. அங்கே வேலை பார்க்கும் குடும்பங்களுக்குப் போட்டியில்லாத விலைதான் மிச்சம். இல்லாவிட்டால் திருச்சியிலோ திருவனந்தபுரத்திலோ இறங்கிக் காரில் வர வேண்டும். 2025 ஜூலை 26-இல் திறக்கப்பட்ட தூத்துக்குடி வாகைக்குளம் புதிய முனையமும், 1,350 மீட்டரிலிருந்து 3,115 மீட்டராக நீண்ட அதன் ஓடுபாதையும் புதிய வாய்ப்பு. எழுபது எண்பது பேர் அமரும் ஏடிஆருக்குப் பதில் பெரிய விமானங்கள் அங்கே வந்தால், சாத்தூர், கோவில்பட்டிப் பக்கத்தவர்களுக்கு மதுரையோடு போட்டியிடும் இரண்டாவது வாசல் கிடைக்கும். டிக்கெட் தேடும்போது இரண்டு நிலையத்தையும் சேர்த்துப் பார்ப்பதை இப்போதே பழக்கமாக்கிக்கொள்ளலாம்.

ஓடுபாதையும் ஒப்பந்தமும் டெல்லியின் கையில். பள்ளித் தேதி சென்னையின் கையில்: அரையாண்டு விடுமுறைத் தேதியைக் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே மாற்றமின்றி அறிவித்துவிட்டால், செலவில்லாமல் பல்லாயிரம் குடும்பங்கள் கீழ் அடுக்கில் டிக்கெட் எடுக்கும். மிச்சமிருப்பது சிவகாசியின் கையிலேயே இருக்கிறது. பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிப்பதும் இந்த ஊர் அச்சகங்கள்தான். 'விமானத்திலோ ரயிலிலோ எடுத்துச் செல்லக் கூடாது' என்று தமிழிலும் இந்தியிலும், கண்ணில் படும் அளவு எழுத்தில் ஒரு வரி சேர்க்க யாருடைய அனுமதியும் வேண்டாம். விற்பவர் அதைக் காட்டி ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், மதுரை நிலையத்தில் பெட்டியைப் பிரித்துக்கொண்டு நிற்கும் குடும்பங்கள் குறையும்.